மூளைக் காயத்துக்குப் பிறகு: ஆப்பா, தெரபிஸ்ட்டா, போன் அலாரமா?

மூளையில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, நடை தேறி, கையும் ஓரளவு வந்த பிறகுதான் மற்றது கண்ணில் படும். கேட்டதையே மறுபடி கேட்பார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் திணறுவார். குழாயைத் திறந்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவார். பார்க்க வருகிறவர்கள், "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கூடவே இருப்பவர்களுக்குத்தான் அவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று தெரியும். இந்தக் கட்டத்தில் யாராவது ஒருவர் ஓர் ஆப்பின் பெயரைச் சொல்வார். தினம் அரை மணி நேரம் அதில் விளையாடினால் மூளை பழையபடி ஆகிவிடுமாம்.

ஆகுமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. கவனம், நினைவு, யோசனை ஆகியவற்றைத் திரையில் பயிற்றுவிக்கும் 'கணினிவழி அறிவாற்றல் பயிற்சி' என்ற பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ரகங்கள் இருக்கின்றன. அவற்றைத் தங்களுக்குள் ஒப்பிட்டால் மட்டும் போதாது. கணினியே இல்லாத வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விபத்தில் தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மூளை ஆபரேஷன் ஆனவர்கள் என்று வயது வந்தவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். குழந்தைகளின் கதை வேறு.

எதை வைத்து ஒப்பிடுவது? பலரும் செலவில் தொடங்குகிறார்கள். என் கணக்கில், பணத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிற ஒன்று இந்த வீடுகளில் இருக்கிறது: களைப்பில்லாத நேரம். மூளைக் காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு, ஓடியாடி வேலை செய்ததால் வரும் அசதி போன்றதில்லை. கவனித்துக் கேட்பதே, யோசிப்பதே ஆளைச் சாய்த்துவிடும். காலையில் ஒரு மணி நேரம் திரையோடு மல்லுக்கட்டினால் மத்தியானம் முழுக்கப் படுக்கைதான். ஒரு நாளில் தெளிவாக இருப்பதே இரண்டு மணி நேரம் என்றால், அதில் அரை மணி நேரத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பது சாதாரண முடிவில்லை. குளிப்பது, பிள்ளைகளோடு பேசுவது, வெளியே நடந்துவிட்டு வருவது எல்லாம் அதே கையிருப்பிலிருந்துதான் போக வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பயிற்சிக்கும் முன்னால், மறதிக்கும் மந்தத்துக்கும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்கம் கெட்டிருந்தால் கவனம் நிற்காது. மனச்சோர்வு மறதி போலவே வேஷம் போடும். வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் யோசனையை மெதுவாக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, மாற்ற முடியுமா என்று கேட்கலாம். தலைக்காயத்தில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு ஹார்மோன் குறைந்திருந்தாலும் தீராத களைப்பு வரும். அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆப் வாங்குவது வீண்.

ஸ்கோர் ஏறுகிறது, வீட்டில் ஒன்றும் மாறவில்லை

முதல் ரகம், யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ளும் மூளை விளையாட்டுகள். இவற்றில் மிகப் பிரபலமான லுமோசிட்டியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அதை நடத்தும் லுமோஸ் லேப்ஸ் நிறுவனம், தன் விளையாட்டுகள் வேலையிலும் படிப்பிலும் கைகொடுக்கும் என்றும், வயதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்றும் விளம்பரம் செய்தது. பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றால் வரும் அறிவாற்றல் குறைபாட்டைக் குறைக்கும் என்றும் சொன்னது. இதற்கெல்லாம் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் வர்த்தக ஒழுங்கு அமைப்பான எஃப்.டி.சி. வழக்குப் போட்டது. 2016 ஜனவரியில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. விளையாட்டு கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. செய்யாததைச் செய்வதாகச் சொன்னதுதான் குற்றச்சாட்டு.

ஏன் செய்வதில்லை? 2010-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. 11,430 பேர் ஆறு வாரம் இணையத்தில் பயிற்சி செய்தார்கள். எதைப் பயின்றார்களோ அதில் எல்லோரும் தேறினார்கள். பயிலாத சோதனைகளில், அவை பயின்றதற்குப் பக்கத்திலேயே இருந்தபோதும், சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மாறவில்லை. அவர்கள் மூளைக் காயம் இல்லாத சாதாரண மனிதர்கள். காயம்பட்ட மூளைக்கு, ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது அதைவிடக் கடினம். அந்தத் திறனே பலருக்கு அடிபட்டிருக்கும்.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துக்கொண்டே வேலை செய்யும் திறனைச் செயல்நினைவு என்பார்கள். அதற்கான பயிற்சி ஒன்று இப்படி இருக்கும்: திரையில் பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றாகச் சில கட்டங்கள் மின்னி அணையும். மின்னிய வரிசையைத் தலைகீழாகத் தொட்டுக் காட்ட வேண்டும். முதல் வாரம் மூன்று கட்டத்தில் தடுமாறியவர் ஐந்தாவது வாரம் ஆறு கட்டம் தொடுகிறார். உண்மையான சாதனைதான். ஆனால் அந்த ஐந்து வாரத்தில் அவர் கற்றது என்னவென்று அவரிடமே கேட்டால், "மூலையில இருந்து ஒரு கோடு போட்ட மாதிரி ஞாபகம் வெச்சுக்குவேன்" என்பார். கட்டங்களுக்கு உதவும் உபாயம் அது. மாலை மாத்திரையை எடுத்தோமா என்ற கேள்விக்கு அந்தக் கோடு எந்த வகையிலும் உதவாது.

அதனால் தயவுசெய்து ஆப்புக்குள் தெரியும் வரைபடத்தைத் தேறியதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது ஏறத்தான் செய்யும். காயத்துக்குப் பிந்தைய முதல் ஆறு மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறிக்கொண்டிருக்கும். அந்தத் தேற்றம் அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும். அந்த ஏற்றத்தில் பாதியை ஆப் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

பிறகு இந்த விளையாட்டுகளால் ஒன்றுமே இல்லையா? பொழுது போகும். சிலருக்கு நாளில் ஒரு ஒழுங்கு வரும். 'நான் ஏதோ செய்கிறேன்' என்ற நினைப்பு வரும், அது சின்ன விஷயமில்லை. பொழுதுபோக்கு என்று பெயர் வைத்துச் செய்தால் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது.

மருத்துவ நோக்கில் செய்த மென்பொருட்கள்

இரண்டாவது ரகம் கொஞ்சம் கனமானது. இவற்றை விளையாட்டு ஆப்போடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

கோக்மெட் என்ற மென்பொருள் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் டார்க்கெல் கிளிங்பெர்க்கின் ஆய்விலிருந்து பிறந்தது. செயல்நினைவை மட்டும் குறிவைக்கும். ஐந்து வாரத்தில் சுமார் 25 அமர்வு. பக்கவாதம் வந்து ஒன்று முதல் மூன்று வருடம் ஆனவர்களிடம் 2007-இல் செய்த முன்னோட்ட ஆய்வில், பயிலாத சில நினைவு, கவனச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. அன்றாட மறதி குறைந்ததாகப் பயின்றவர்களே சொன்னார்கள். நம்பிக்கை தருகிற முடிவு. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் 18 பேர்தான். ஒப்பீட்டுக்கு வைத்த குழு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தது. ஒன்றுமே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் எதுவும் கொஞ்சம் நன்றாகத்தான் தெரியும்.

இன்னொரு மென்பொருளான பிரெயின்ஹெச்க்யூ, மூளை ஆய்வாளர் மைக்கேல் மெர்செனிக் தொடங்கிய பாசிட் சயின்ஸ் நிறுவனத்துடையது. பார்ப்பதையும் கேட்பதையும் மூளை உள்வாங்கும் வேகத்தைக் கூட்டுவதே இதன் அடிப்படை. லேசான தலைக்காயம் பட்ட 83 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், ஒப்பீட்டுக் குழுவைச் சும்மா விடாமல் அவர்களுக்கும் சாதாரணக் கணினி விளையாட்டுகளைக் கொடுத்தார்கள். 13 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அறிவாற்றல் சோதனைகளில் பயிற்சிக் குழு தெளிவாக முந்தியது. பயிற்சி நின்ற பிறகும் அந்த முன்னிலை தங்கியது. அன்றாடச் செயல்பாட்டு அளவீடுகளில் இரண்டு குழுவுக்கும் நடுவே அப்படி ஓர் இடைவெளி தெரியவில்லை. இந்த வகையில் கண்ணியமாகச் செய்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. அதனாலேயே இந்த முடிவை இரண்டு பக்கமும் பார்த்துப் படிக்க வேண்டும். மூளை மாறக்கூடியது என்பது உண்மை. அந்த மாற்றம் தானாக நடந்து சமையலறைக்கும் ஆபீஸுக்கும் போய்ச் சேராது என்பதும் உண்மை. நாளுக்கு ஒரு மணி நேரம் என்பதையும் கவனியுங்கள். லேசான காயம் பட்டவர்கள் தாங்கினார்கள். கடுமையான காயம் பட்டவரிடம் இதைக் கேட்க முடியாது.

இந்த வேகப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது 'ஆக்டிவ்' என்ற பெரிய அமெரிக்க ஆய்வை எடுத்துப்போடுவார்கள். 2,832 பேர், பத்து வருடக் கண்காணிப்பு, மதிப்புள்ள ஆய்வுதான். ஆனால் அதில் இருந்தவர்கள் 65 வயது தாண்டிய, ஆரோக்கியமான முதியவர்கள். யாரிடம் செய்த ஆய்வு என்று கேட்காமல் எந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

பேச்சு பாதிக்கப்பட்டவர்களுக்கான மென்பொருட்களிலும் இதே கதைதான். 'பிக் காக்டஸ்' என்ற பிரிட்டிஷ் ஆய்வு 2019-இல் வெளியானது. பக்கவாதத்துக்குப் பிறகு சொல் கிடைக்காமல் தவிக்கும் 278 பேர். ஒரு குழுவுக்கு, அவரவர் வாழ்க்கைக்கு வேண்டிய சொற்களையே தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் கணினியில் வீட்டிலேயே பயிற்சி. அந்தச் சொற்கள் திரும்பி வந்தன. உரையாடல் மேம்படவில்லை. என்னைக் கேட்டால் இது தோல்வி இல்லை. பேரன் பெயரும் தன் தெருப் பெயரும் நாக்குக்கு வருவது பெரிய விஷயம். என்ன வேண்டுமோ அதையே பயில வேண்டும், பக்கத்துத் திறமை இலவச இணைப்பாக வராது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எனக்குத் தெரியாது.

மொழி விஷயமும் உண்டு. பல மென்பொருட்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் வாழ்ந்து தமிழில் யோசிப்பவருக்கு ஆங்கிலச் சொல் பட்டியலைக் கொடுத்து நினைவைச் சோதித்தால், சோதனைக்கு உள்ளாவது அவருடைய ஆங்கிலம். அப்படியானால் படம், ஒலி, வடிவம் சார்ந்த பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சொல் சார்ந்தவற்றை ஸ்பீச் தெரபிஸ்ட் தமிழிலேயே செய்து தரட்டும்.

பக்கத்தில் ஆள் இருந்தால் என்ன மாறுகிறது

தனியாகக் கணினி முன் உட்கார்வது போதாது, பக்கத்தில் தெரபிஸ்ட் வேண்டும்: அறிவாற்றல் மறுவாழ்வு, அதாவது இழந்த கவனம், நினைவு போன்றவற்றை மீட்கும் சிகிச்சை பற்றிய வழிகாட்டுதல்கள் அநேகமாக ஒரே குரலில் சொல்கிற விஷயம் இது. இன்காக் என்ற சர்வதேச நிபுணர் குழு 2014-இல் தலைக்காயத்துக்கான பரிந்துரைகளை வெளியிட்டு, 2023-இல் புதுப்பித்தது. வாழ்க்கையோடு தொடர்பில்லாத கணினிக் கவனப் பயிற்சிகளைத் திரும்பத் திரும்பச் செய்வதையே நம்பியிருப்பது கூடாது என்று அது சொல்கிறது. அமெரிக்காவில் கீத் சிசரோன் என்ற ஆய்வாளர் தலைமையில், பல ஆய்வுகளைத் திரட்டிப் பல முறை வெளிவந்த தொகுப்பாய்வுகளும், தெரபிஸ்ட் தலையிடாத தனிக் கணினிப் பயிற்சியைப் பரிந்துரைக்கவில்லை. கவனப் பயிற்சியோடு, தன் யோசனையைத் தானே கவனிக்கும் உத்திகளையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கின்றன.

மூன்றாவது ரகம் இங்கேதான் வருகிறது. ஜெர்மனியின் ரீஹாகாம் போன்ற மென்பொருட்கள் மருத்துவமனை, மறுவாழ்வு மையங்களில் தெரபிஸ்ட் கண்காணிப்பில் பயன்படுத்தப்படுகின்றன. கை சரியாக வராதவர்களுக்காகப் பெரிய பட்டன் வைத்த தனி விசைப்பலகையும் அதற்கு உண்டு. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு கை மந்தமானவர் சாதாரண டச் ஸ்கிரீனில் தாமதமாகத் தொட்டால், மூளை மந்தம் என்று ஆப் கணக்கெழுதிவிடும். சோல்பெர்க், மட்டீர் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களில் உருவாக்கிய கவனப் பயிற்சி முறை முதலில் காகிதத்திலும் ஒலிப்பதிவிலும் இருந்து பிறகு கணினிக்கு வந்தது. அதையும் தெரபிஸ்ட் கையில் இருக்கும் கருவியாகத்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

தெரபிஸ்ட் அப்படி என்னதான் செய்கிறார்? ஓர் அமர்வை எடுத்துக்கொள்வோம். பயிற்சி தொடங்கும் முன் அவர் கேட்பார்: "இருபதுல எத்தனை சரியாப் போடுவீங்க?" "பதினெட்டு." முடிவில் பதினொன்று. சண்டை கிடையாது, அறிவுரை கிடையாது. "எங்க விட்டுப்போச்சுன்னு நினைக்கிறீங்க?" கொஞ்ச நேரம் யோசித்து, "பின்னாடி யாரோ பேசினாங்க, அப்போ போயிருச்சு" என்கிறார். "சரி, வீட்ல இதே மாதிரி எப்ப ஆகுது?" "சாப்பிடும்போது டிவி ஓடினா யார் என்ன சொன்னாலும் ஏறாது." அடுத்த முறை சத்தம் வந்தவுடன் கையை எடுத்து, ஒரு மூச்சு விட்டு, எங்கே இருந்தோம் என்று பார்த்துவிட்டுத் தொடர்வது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அன்று மாலை வீட்டில் டிவியை அணைத்துவிட்டுப் பேசச் சொல்வது வீட்டுப்பாடம்.

இங்கே கணினி என்ன செய்தது என்று பாருங்கள். பதினொன்று என்ற எண்ணைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. மூளையின் முன்பகுதியில் காயம் பட்ட பலருக்குத் தன்னிடம் குறை இருப்பதே தெரியாது. மனைவி சொன்னால் "நீ எப்பவும் குறைதான் சொல்வே" என்று கோபம் வரும். திரை சொன்னால் மறுக்க ஆளில்லை. கணினிப் பயிற்சியில் என் கண்ணுக்கு மிகப் பெரிய லாபம் இந்த நடுநிலைமைதான். அதை அறுவடை செய்ய எதிரே ஓர் ஆள் வேண்டும். தெரபிஸ்ட் கிடைக்காத இடத்தில், பொறுமையுள்ள ஒரு தம்பியோ மகளோ இந்த 'முன்கூட்டிச் சொல், பிறகு ஒத்துப்பார்' முறையைச் செய்யலாம். கேலி மட்டும் கூடாது. மனைவியோ கணவனோ இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது. ஏற்கெனவே அவர்கள் நர்ஸ், மேனேஜர், காவல்காரர் எல்லாமாக இருக்கிறார்கள்.

ஆள் இல்லாவிட்டால் தவறும் இன்னொன்று பார்வை. வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்துக்கு வராது. தட்டின் இடது பாதி அப்படியே மிஞ்சியிருக்கும். சட்டையின் இடது கை தொங்கும். இவரிடம் டேப்லெட்டைக் கொடுத்தால் இடப்பக்கம் வரும் எல்லாக் கேள்வியும் தவறும், ஆப் லெவலைக் குறைத்துக்கொண்டே போகும். இவருக்கு வேண்டியது அகலமான பரப்பில் இடது ஓரம் வரை கண்ணையும் தலையையும் திருப்பித் தேடும் பயிற்சி. கைக்குள் அடங்கும் திரை அதற்குப் போதாது.

ஏன் அலாரத்தையும் இந்தப் போட்டியில் சேர்க்கிறேன்

கணினிப் பயிற்சிக்கு மாற்று என்று யாரும் போன் அலாரத்தை நினைப்பதில்லை. அது தோல்வியை ஒப்புக்கொள்வது போல் தெரிகிறது. "அலாரம் வெச்சா மூளை சோம்பேறி ஆயிடாதா?" என்று கேட்காத குடும்பம் அபூர்வம்.

ஆதாரத்தைப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் முன்னால் நிற்கிறது. செல்போன் பரவாத காலத்தில், கலிபோர்னியாவில் ஓர் இன்ஜினீயர், தலையில் அடிபட்ட தன் மகனுக்காக ஒரு நரம்புளவியலாளரோடு (மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் நிபுணர்) சேர்ந்து நியூரோபேஜ் என்ற முறையை உருவாக்கினார். இடுப்பில் மாட்டிய பேஜர் நேரம் வந்தால் அதிரும், திரையில் செய்ய வேண்டியது ஒரு வரியாக வரும். பிரிட்டனில் நரம்புளவியலாளர் பார்பரா வில்சனின் குழு இதை 143 பேரிடம் சோதித்து 2001-இல் வெளியிட்டது. 16 வார ஆய்வை முடித்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் அன்றாடக் காரியங்களை முன்பைவிடக் கணிசமாக நன்றாகச் செய்தார்கள். அளந்தது மாத்திரை, சந்திப்பு, வீட்டு வேலை போன்ற நிஜக் காரியங்களை. திரைக் கட்டங்களை அளக்கவில்லை. இன்று அந்தப் பேஜர் வேலையை எல்லோர் கையிலும் இருக்கும் போன் செய்யும்.

சோம்பேறித்தனக் கேள்விக்கு என் பதில்: நன்றாக இருக்கும் நாம் எத்தனை பேர் அலாரம் இல்லாமல் எழுந்திருக்கிறோம்?

ஆனால் போனில் ரிமைண்டர் போட்டுக் கொடுத்துவிட்டால் வேலை முடியாது. சொல்லிக்கொடுக்கும் விதம் இங்கே முக்கியம். கடுமையான மறதி உள்ளவரிடம் "யோசிச்சுப் பாருங்க, எந்த பட்டன்?" என்று ஊகிக்கவிட்டால், தப்பாகத் தொட்ட பட்டனே மனதில் பதிந்துவிடும். தப்பு செய்தது நினைவிருக்காது, தப்பு மட்டும் பழக்கமாகும். அதனால் தவறுக்கு இடம் கொடுக்காமல் கற்பிக்கும் முறையை நினைவு ஆய்வாளர் பேட்லியும் அதே வில்சனும் 1994-லேயே ஆய்வில் காட்டினார்கள். நீங்களே செய்து காட்டுங்கள்; அவர் கையைப் பிடித்துச் செய்யவையுங்கள்; உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ரிமைண்டர் வாசகமும் திட்டவட்டமாக இருக்க வேண்டும். 'மருந்து' என்று வந்தால் அவர் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். 'இப்போது எழுந்து நீல டப்பாவில் இருக்கும் மாத்திரையை எடு' என்று வந்தால் எழுந்திருப்பார். அலாரத்தை அணைப்பது காரியத்தைச் செய்த பிறகுதான் என்பதைத் தனியாகப் பழக்க வேண்டும்; பல வீடுகளில் முறை உடைவது இந்த ஓர் இடத்தில்தான்.

திட்டமிடுவதிலும் முடிப்பதிலும்தான் கோளாறு என்றால் அலாரம் பாதி தூரம்தான் கொண்டுபோகும். அவர்களுக்கு 'இலக்கு மேலாண்மைப் பயிற்சி' என்ற முறை இருக்கிறது. நில், என்ன செய்ய வந்தாய் என்று வாய்விட்டுச் சொல், சின்னச் சின்னப் படிகளாகப் பிரி, நடுவில் சரிபார். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். துணி எடுக்க மாடிக்குப் போய் அங்கே வேறு எதையோ அடுக்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த 'நில்' பழக்கமாவதற்கே வாரங்கள் ஆகும்.

யாருக்கு எது

லேசான காயம், தன் குறை தனக்குத் தெரிகிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும், கவனமும் வேகமும்தான் பிரச்சினை. இவருக்கு மருத்துவ நோக்கிலான மென்பொருள் ஒரு நியாயமான முயற்சி. மூளை தெளிவாக இருக்கிற நேரத்தில் இருபது, முப்பது நிமிடம், வாரத்துக்கு நாலைந்து நாள். கூடவே மாதத்துக்குச் சில முறையாவது தெரபிஸ்ட்டைப் பார்த்து, பயின்றதை ஆபீஸ் வேலையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். மீட்டிங்கில் கவனம் போனால் என்ன செய்வது, மெயிலை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பது வரை பேச வேண்டும்.

புதிதாக எதுவும் பதியாத அளவுக்கு மறதி இருப்பவருக்கு நினைவுப் பயிற்சி ஆப்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போன், சுவரில் பெரிய நாள்காட்டி, எப்போதும் ஒரே இடத்தில் சாவி, தவறில்லாமல் கற்பிக்கும் முறை ஆகியவற்றுக்கே முழு நேரத்தையும் கொடுங்கள். உத்திகளைத் தானாக நினைவுகூரும் அளவுக்கு நினைவு இருப்பவருக்கு மனதில் படமாக்கி வைப்பது, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது போன்றவையும் பலிக்கும்.

கோபம், அவசரம், தன் குறை தெரியாத நிலை மேலோங்கியிருந்தால் ஆப்பைத் தனியாகக் கொடுப்பது ஆபத்து என்றே சொல்வேன். சரியாகச் செய்தால் லெவல் ஏறும்படித்தான் இந்த மென்பொருட்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. அதாவது எவ்வளவு தேறினாலும் கொஞ்சம் தோற்றுக்கொண்டே இருப்பார். சிலருக்கு அது உற்சாகம். இவருக்கு அது டேப்லெட்டைச் சுவரில் எறிய வைக்கும்.

காயம் பட்ட புதிதில், எந்த நாள், எந்த இடம் என்றே பிடிபடாத குழப்பத்தில் இருப்பவருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். அமைதி, வெளிச்சம், தெரிந்த முகங்கள் போதும். வலிப்பு வந்தவர் என்றால், பளிச்பளிச்சென்று மின்னும் திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஆறு வாரச் சோதனை

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்கும் முன் வீட்டுக் காரியம் ஒன்றை எண்ணக்கூடிய மாதிரி தேர்ந்தெடுங்கள். வாரத்துக்குப் பதினாலு வேளை மாத்திரையில் எத்தனை வேளை யாரும் சொல்லாமல் எடுத்தார்? ஒரே கேள்வியை ஒரு மாலையில் எத்தனை முறை கேட்டார்? தொடங்கின வேலையில் எத்தனை முடிந்தது? பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அடிப்படைக் கணக்கு இல்லாவிட்டால் பிறகு எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரியும். பயிற்சி நடக்கும்போதும் அதையே எண்ணுங்கள். இன்னொரு பத்தியில் களைப்பையும் குறியுங்கள்: பயிற்சி நாளில் மத்தியானம் எத்தனை மணி நேரம் படுத்தார், மறுநாள் எப்படி எழுந்தார். முடிந்தால் எண்ணுகிறவரும் பயிற்சி கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும்; பாடுபட்டவர் கண்ணுக்குப் பலன் கொஞ்சம் பெரிதாகவே தெரியும்.

கார், பைக் ஓட்டலாமா என்ற முடிவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த ஆப்பின் எந்த ஸ்கோரும் அதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. கண், வலிப்பு, கை-கால், கவனம் எல்லாம் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். முடிந்தால் நிஜச் சாலையில் ஒரு நிபுணர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து ஆப் ஸ்கோர் ஏறி, மாத்திரைக் கணக்கு அசையாமல் இருந்தால் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம். அந்த அரை மணி நேரத்தை நேரடியாக அந்த மாத்திரைக்கே கொடுங்கள்: அதே டப்பா, அதே இடம், அதே அலாரம், அதே வரிசை, தினமும். இரண்டும் ஏறியிருந்தால் தொடருங்கள். எதனால் ஏறியது என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. களைப்புப் பத்தி மட்டும் ஏறியிருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.